வரைபடத்தை வாசிக்கப் பழகுவோம்

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில், புதிதாகக் கட்டி முடித்த அறையைப் பார்க்க வருமாறு ஒரு தாய் எம்மை அழைத்தார். வரைபடத்தில் அந்த அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். நாடா பிடித்து அளந்தபோது இருந்ததோ 11 அடியும் 9 அடியும். வரைபடம் சொன்னது சுவருக்கு உள்ளே உள்ள அளவை. மேசன் தமது வழக்கப்படி அதை வெளியளவாக எடுத்து நூல் கட்டிவிட்டார். 6 அங்குலச் சீமெந்துக் கற்சுவர் இரு பக்கத்திலும் உள்ளே வந்ததால், நீளத்தில் ஓரடியும் அகலத்தில் ஓரடியும் குறைந்தன. 120 சதுர அடியாக இருக்க வேண்டிய அறை 99 சதுர அடியாகிவிட்டது.

"கடதாசி என்னட்டைத்தான் இருந்தது தம்பி. எனக்கு அதைப் பார்க்கத் தெரியேல்லை" என்றார் அந்தத் தாய்.

ஊர் ஊராய் இடம்பெயர்ந்து, கொட்டிலிலும் உறவினர் வீட்டிலும் காலம் கழித்த குடும்பத்துக்குக் கல்வீடு கட்டும் வாய்ப்புப் பெரும்பாலும் ஒரு முறைதான் கிடைக்கிறது. 2012 இல் வடக்கு கிழக்கில் விரிவாக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா, வேலையின் முன்னேற்றத்துக்கேற்பக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. பொருள் வாங்குவதும் ஆள் பிடிப்பதும் வேலையைக் கவனிப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பாயின. இப்படியான முறையில் வீட்டுக்காரரே மேற்பார்வையாளர். மேற்பார்வை செய்பவருக்கு வரைபடம் விளங்க வேண்டாமா? அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கீழே உள்ளவற்றை விளங்கிக்கொண்டால் போதும்.

படமும் வரைபடமும்

பிள்ளைகள் கொப்பியில் வீடு கீறுவார்கள். அது வீடு என்று பார்த்தவுடன் தெரியும். ஆனால் அதைக் கொண்டு வீடு கட்ட முடியாது. எத்தனை அடி, எவ்வளவு உயரம், பின்பக்கம் எப்படி என்று அது சொல்வதில்லை. பொறியியல் வரைபடம் வேறு வகையானது. அது கோடுகளாலும் எண்களாலும் ஆன ஒரு மொழி. அதை வரைந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும், வாசிப்பவர் எல்லோரும் ஒரே பொருளைச் செய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

மூன்று பக்கப் பார்வை

அரிசி அளக்கும் கொத்தை எடுத்து நிலத்தில் வையுங்கள். நேர் மேலிருந்து பாருங்கள்: வட்டம் தெரியும். கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்தி முன்னாலிருந்து பாருங்கள்: நீள்சதுரம் தெரியும். வட்டத்தை மாத்திரம் கீறிக் காட்டினால் அது தட்டா, கொத்தா, கிணறா என்று தெரியாது. நீள்சதுரத்தை மாத்திரம் கீறினால் அது பெட்டியாகவும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

மேலிருந்து பார்ப்பது கிடைப்படம். முன்னாலிருந்து பார்ப்பது முன்தோற்றம். பக்கத்திலிருந்து பார்ப்பது பக்கத்தோற்றம். சாதாரணமான பல பொருட்களை இந்த மூன்றினாலும் காட்டிவிடலாம்.

இந்த முறையை ஒழுங்கான பாடமாக வகுத்தவர் பிரான்சைச் சேர்ந்த கஸ்பார் மொன்ஜ் (1746–1818). கோட்டை கட்டுவதற்கு நீண்ட கணக்குகள் செய்த காலத்தில், அவர் வரைந்தே விடை கண்டார். பல ஆண்டுகள் அது இராணுவ இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. 1795 இல் பாரிஸ் நகரில் அவர் அதை வெளிப்படையாகக் கற்பித்தார். ஒரு காலத்தில் அதிகாரிகளிடம் மாத்திரம் இருந்த அறிவு இப்பொழுது பாடசாலைப் பிள்ளைகளிடமும் இருக்கிறது.

வெட்டிப் பார்த்தல்

கிணற்றை மேலிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. கட்டு எதுவரை இறங்குகிறது என்பதும் தெரியாது. ஒரு பப்பாசிப் பழத்தை இரண்டாகப் பிளப்பதுபோலக் கிணற்றை மேலிருந்து கீழாக வெட்டியதாக நினைத்து வரைந்தால் எல்லாம் தெரியும். இதுவே வெட்டுமுகம். அத்திவாரத்தின் ஆழம், கருங்கற் கட்டின் அகலம், நிலத்தின் உயரம், கூரையின் சரிவு ஆகியவற்றை வீட்டின் வெட்டுமுகத்திலேயே தேட வேண்டும்.

வீட்டின் கிடைப்படமும் ஒரு வெட்டுத்தான். யன்னல் மட்டத்தில் வீட்டைக் கிடையாக அறுத்து, மேற்பகுதியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சுவர்கள் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். சுவர் விட்டுப்போன இடம் கதவு; அங்குள்ள வளைந்த கோடு கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் காட்டும்.

கோடுகள் சொல்வது

தடித்த தொடர்கோடு: கண்ணுக்குத் தெரியும் விளிம்பு.

விட்டுவிட்டு வரும் முறிகோடு: மறைந்திருக்கும் விளிம்பு.

நீளமும் குறுகலும் மாறி மாறி வரும் சங்கிலிக்கோடு: பொருளின் மையம்.

இரு முனையிலும் அம்புக்குறியுள்ள மெல்லிய கோடு: அளவு. அம்பு எங்கே தொடுகிறதோ அங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

நெருக்கமான சாய்கோடுகள்: வெட்டப்பட்ட பகுதி.

அந்தத் தாயின் அறை ஏன் சிறுத்தது என்பது இப்பொழுது விளங்கும். அம்புகள் சுவரின் உட்பக்கத்தைத் தொட்டிருந்தன. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அளவிடை

வீட்டை அதன் உண்மை அளவில் கடதாசியில் வரைய முடியாது. எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும். 1:100 என்று எழுதியிருந்தால் கடதாசியில் 1 சென்ரிமீற்றர், நிலத்தில் 100 சென்ரிமீற்றர், அதாவது 1 மீற்றர். 1:50 என்றால் கடதாசியில் 2 சென்ரிமீற்றர் நிலத்தில் 1 மீற்றர்.

இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, போட்டோப் பிரதி எடுக்கும்போது படம் சுருங்கவோ பெருக்கவோ கூடும். ஆகவே கடதாசியில் அடிமட்டம் வைத்து அளந்து வேலை செய்யாதீர்கள். எழுதப்பட்ட எண்ணையே பின்பற்றுங்கள். இரண்டாவது, வரைபடம் பெரும்பாலும் மில்லிமீற்றரில் இருக்கும். மேசன் அடிக்கணக்கில் பேசுவார். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், ஓரடி 304.8 மில்லிமீற்றர். 3000 என்பதைப் "பத்தடி" என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது 9 அடி 10 அங்குலம். யன்னலும் கதவும் முன்கூட்டியே செய்து வாங்குவதாயின் இந்த வித்தியாசம் தொல்லை தரும்.

அத்திவாரம் வெட்டுமுன் கேட்க வேண்டியவை

நூல் கட்டிய அன்றே, மண்வெட்டி நிலத்தில் படுமுன், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேசனுடன் சேர்ந்து நடந்து பாருங்கள்.

1. இந்த அளவு சுவரின் உட்பக்கமா, வெளிப்பக்கமா, நடுவா?

2. மூலைகள் நேர்மூலைகளா? மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மற்ற நூலில் 4 அடியும் குறியுங்கள். இரு குறிகளுக்கும் இடையில் சரியாக 5 அடி இருந்தால் மூலை நேர். அறையின் இரு மூலைவிட்டங்களும் சமமாக உள்ளனவா என்றும் பாருங்கள்.

3. கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கட்டில் போட இடம் உண்டா? குசினிப் புகை எந்தப் பக்கம் போகும்?

4. அத்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம்?

5. வளவின் படத்தில் மலசலகூடக் குழி எங்கே, கிணறு எங்கே? யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவுநீர் வெடிப்புகள் வழியே விரைவாகக் கிணற்றுநீரில் கலக்கக்கூடும். எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, அதையும் படத்தில் எழுதுவியுங்கள்.

கேள்வி கேட்பது மேசனை அவமதிப்பது ஆகாது. நல்ல மேசன் அதை விரும்புவார். பிழை பின்னர் அவர் தலையில் விழாது. நூலை நகர்த்தப் பத்து நிமிடம் போதும். சுவரை நகர்த்த முடியாது. மாற்றம் வேண்டுமானால் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் சொல்லி, வரைபடத்திலும் திருத்திக் கையொப்பம் பெறுங்கள். வாயால் சொன்னது அடுத்த கொடுப்பனவின்போது நினைவில் இராது.

வேறு பயன்கள்

படலைக்குப் பதிலாக இரும்புக் கேற் போடவும், உடைந்த கலப்பைத் துண்டுக்கு மாற்றுத் துண்டு செய்விக்கவும், ஆட்டுக்கொட்டில் அமைக்கவும் இதே முறை உதவும். பட்டறைக்குப் போகும்போது இரண்டு பக்கப் பார்வையும் அளவுகளும் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியைக் கொண்டு போங்கள். கையை விரித்துக் காட்டி விளக்குவதிலும் பார்க்க அது நிச்சயமானது.

செய்து பாருங்கள்

ஒரு தீப்பெட்டியின் மூன்று தோற்றங்களையும் வரைந்து அளவுகளைக் குறியுங்கள்.

பிள்ளையின் சதுரக் கொப்பியில் ஒரு கட்டத்தை ஓரடியாக வைத்து, இப்பொழுது நீங்கள் இருக்கும் வீட்டின் அல்லது கொட்டிலின் கிடைப்படத்தை வரையுங்கள். பின்னர் அதைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து, வாசல் எங்கே, அடுப்பு எங்கே என்று கேளுங்கள். உங்கள் விளக்கம் இல்லாமலே அவர் சரியாகச் சொன்னால், நீங்கள் வரைந்தது வரைபடம்.

அடுத்ததாக, கட்டப்போகும் வீட்டையும் அதே கொப்பியில் வரையுங்கள். குடும்பத்தில் எல்லோரும் சுற்றியிருந்து பாருங்கள். கடதாசியில் அழிப்பதற்கு ஓர் அழிறப்பர் போதும்.