வினைப்பயனும் பிறர் துயரும்

ஆணவம், கன்மம், மாயை என மும்மலங்களைச் சைவ சித்தாந்தம் கூறும். இவற்றுள் கன்மமே தோட்ட மக்களின் வாயில் அதிகம் புழங்கும் சொல். கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தாலும், பிள்ளை பரீட்சையில் தவறினாலும் "எல்லாம் செய்த கர்மம்" என்பர். "என் கர்மம்" என்று தனக்குச் சொல்லிக்கொள்வது ஆறுதல். "அவன் கர்மம்" என்று அயலவரைச் சொல்வதும் ஆறுதல்தானா?

உளவியல் அறிஞர் இதனை ஆராய்ந்துள்ளனர். 1966 ஆம் ஆண்டு மெல்வின் லேர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 72 மாணவியரை வைத்து ஒரு சோதனை நடத்தினர். பாடத்தில் பிழை விடும் ஒரு பெண் மின்னதிர்ச்சியால் துடிப்பதாக அவர்களுக்குக் காட்டப்பட்டது. உண்மையில் அது நடிப்பே. அத்துன்பம் தொடரும், தம்மால் தடுக்க இயலாது என்று எண்ணியவர்கள் இரங்கவில்லை. அப்பெண்ணையே தாழ்வாக மதிப்பிட்டனர். 'உலகில் அவரவர்க்குத் தகுந்ததே கிடைக்கிறது' என்ற நம்பிக்கை குலையாதிருக்க, மனம் துன்பப்படுவோர்மேல் குற்றம் காண்கிறது என்றார் லேர்னர்.

இந்நம்பிக்கையை அளக்க 1975 இல் ரூபின், பெப்லா என்போர் 20 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு கூற்றையும் எந்த அளவுக்கு ஏற்கிறோம் என்று குறிக்க வேண்டும். பின்னர் கிளவுடியா டால்பெர்ட் என்ற அறிஞர் இந்நம்பிக்கையை இரண்டாகப் பிரித்தார். 'எனக்கு நீதி கிடைக்கும்' என்பது ஒன்று. அது மன உறுதிக்குத் துணையாகிறது. 'எல்லோருக்கும் தக்கதே கிடைக்கிறது' என்பது மற்றொன்று. அது மிகுந்தால் பிறர்பால் கடுமை தோன்றக்கூடும்.

மலையகத்திற்கு இது புதிய பாடமன்று. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கான தோட்ட மக்கள் நாடற்றோர் ஆயினர். 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. காடழித்துத் தேயிலை நட்ட பரம்பரை செய்த பாவம் யாது? அது மனிதர் இயற்றிய சட்டத்தின் விளைவு. அதனை விதியென்று விட்டுவிடாது 1952 இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் செய்தது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே பிரஜாவுரிமை வழங்கியது.

ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். திருநீறு பூசிய நெற்றியோடு அடுத்த லயத்துத் துயரைக் காணும் அடியார் "அவன் கர்மம்" என்னுமுன், "நம்மால் ஆகக்கூடியது என்ன?" என்று கேட்டுக்கொள்வாராக. பிறர் வினையை எடைபோடுவது இறைவன் வேலை. கைகொடுப்பது அடியார் வேலை.