பிளவு சுவரா, வாசலா?

திண்டிவனம் பக்கம் போர் போட்டவர்களுக்குத் தெரியும். ஒரு கொல்லையில் தண்ணீர் பீறிடும். வரப்பைத் தாண்டிப் போட்டால் வெறும் கல்தூள்தான் வரும். பாறை எங்கே உடைந்திருக்கிறது என்பதே கணக்கு. எண்ணெய்க் கிணற்றுக்கும் அதுதான். மரக்காணம் முதல் கடலூர் வரையுள்ள கடற்பகுதி 2018-இல் எண்ணெய், எரிவாயு தேட வேதாந்தா நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டபின், இந்தக் கணக்கை விழுப்புரத்துப் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• முதலில் திருவக்கரைக்குப் போங்கள். கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் அந்த மணற்கல், காவிரிப் படுகையின் வடமேற்கு ஓரம். அங்கிருந்து வடக்கே திண்டிவனம், வடமேற்கே செஞ்சி எல்லாம் பழம்பாறை. எண்ணெய் ஊறும் படிவு அதில் கிடையாது. இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது நிலம் பிளவுகளில் சரிந்து இறங்கிய பள்ளங்களே இந்தப் படுகை. பிளவு இல்லையென்றால் நரிமணம் எண்ணெய் வயலும் இல்லை, புவனகிரி வயலும் இல்லை.

• பிளவின் இருபுறமும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். மணற்கல்லுக்கு எதிரே களிப்பாறை வந்து நின்றாலோ, களிமண் பிளவில் இழுபட்டுப் பூசினாலோ அது சுவர். இருபுறமும் அழுத்தம் வெவ்வேறாகவே நிற்கும்.

• கிணற்றை மூடிவைத்து அழுத்தம் ஏறுவதை வரைந்து பாருங்கள். இப்படி வரையும் ஹார்னர் வரைபடத்தில் நேராக ஏறும் கோடு ஓரிடத்தில் திரும்பி, இரு மடங்கு சரிவோடு போனால், பக்கத்தில் அடைத்துக்கொண்ட பிளவு இருக்கலாம். ஒரு பென்சில் கோடு நிலத்தடிச் சுவரைக் காட்டிக்கொடுப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

செய்யக்கூடாதவை

• எல்லாப் பிளவும் சுவர் என்று முடிவுகட்டாதீர்கள். காவிரிக் கடற்பகுதியின் பிஒய்-1 வயலில் எரிவாயு தங்கியிருப்பதே உடைந்த அடித்தளப் பாறையில்தான். அங்கே பிளவே வாசல்.

• பிளவு சுவராக இருந்தால், அதற்கு அந்தப் பக்கம் நீரைச் செலுத்திவிட்டு, இந்தப் பக்கம் உற்பத்தி கூடும் என்று காத்திருக்காதீர்கள். நீரின் அழுத்தம் சுவரைத் தாண்டி வராது. இந்தப் பக்கம் அழுத்தம் குமிழி நிலைக்குக் கீழே இறங்கினால் எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்து முந்திக்கொண்டு வெளியேறும். எண்ணெய் கெட்டிப்பட்டுப் பாறையிலேயே தங்கிவிடும். பிறகு மீட்பது பெரும்பாடு.

• அளவுமீறி நீரை ஏற்றாதீர்கள். தூங்கும் பிளவு நழுவும். அமெரிக்காவின் டென்வர் அருகே ராணுவ ஆலைக் கழிவுநீரை 1962 முதல் சுமார் 3,670 மீட்டர் ஆழக் கிணற்றில் செலுத்தினார்கள். நிலம் அதிரத் தொடங்கியது. 1966-இல் நிறுத்தினார்கள். பெரிய அதிர்வுகள் வந்தது 1967-இல்.