பொன்னாடை போர்த்தினால் போதுமா?

போன இதழில் உள்கடன் வட்டிக் கணக்கு பார்த்தோம். இந்த மாதம் கணக்கு கொஞ்சம் வேற மாதிரி. நமக்காக ஓடுகிற ஒருத்தருக்கு நன்றி சொல்வது எப்படி என்று பார்க்கலாம். இதுல என்ன பாடம் இருக்கு என்று நினைக்காதீங்க. கடன் வசூல் ஆகாமல் சில குழுக்கள் நின்று போகின்றன. ஓடி ஓடி உழைத்த ஒருத்தர் மனசு விட்டுப்போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டதால் நின்ற குழுக்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

நாகை, திருவாரூர் பக்கம் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியும். 1926-ல் அப்போதைய மதுரை மாவட்டத்தில் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மா கூலிக்குப் போய்த்தான் பிள்ளைகளை வளர்த்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண் கல்லூரிப் படிப்பு வரை போனது எப்படி? டாக்டர் சௌந்தரம் அம்மா கைகொடுத்தார். சௌந்தரம் டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதில் கணவரை இழந்து, டெல்லியில் டாக்டருக்குப் படித்தவர். மறுமணம் செய்து, 1947-ல் கணவர் ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

சௌந்தரம் அம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்கக் கிருஷ்ணம்மாளிடம் என்ன இருந்தது? காசும் இல்லை, நிலமும் இல்லை. தான் வாங்கின உதவியை வேற பெண்களுக்குக் கொடுத்தார். கணவர் ஜெகந்நாதனோடு வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தார். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பிறகு இந்தத் தம்பதி அந்தப் பகுதிக்கே போய்த் தங்கி வேலை செய்தார்கள். 1981-ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

லாப்டி செய்த வேலை நம்ம உறுப்பினர்களுக்குச் சுலபமாகப் புரியும். நிலம் வைத்திருப்பவரோடு உட்கார்ந்து நியாயமான விலை பேசுவது, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்வது, வாங்கின நிலத்தைப் பெண்கள் பேரில் பதிவு செய்வது. வயல் வேலை இல்லாத நாளுக்குப் பாய் நெசவு, தையல் போன்ற தொழில்கள். இப்படி ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு ஒரு ஏக்கர் அளவில் நிலம் கிடைத்தது. 2008-ல் மாற்று நோபல் என்று சொல்கிற விருது தம்பதிக்குக் கிடைத்தது. 2020-ல் அவருக்குப் பத்ம பூஷண் அறிவித்தார்கள்.

பயிற்சியில் இதைச் சொன்னால் உறுப்பினர்கள், “அவங்கல்லாம் பெரிய மனுஷங்க சார், நமக்கு ஆகுமா?” என்கிறார்கள். விருதை ஒரு பக்கம் வையுங்க. அந்த வேலை தினமும் எப்படி நடந்திருக்கும்? மனு எழுதணும், அலுவலகத்தில் காத்துக் கிடக்கணும், நாளைக்கு வா என்றால் நாளைக்கும் போகணும். இதையே செய்கிற ஒரு அக்கா உங்க ஊரிலும் இருக்கிறார். முதியோர் உதவித்தொகைக்கு ஆயாவைக் கூட்டிப் போவது அவர்தான். பிரசவ வலி என்றால் ராத்திரி 108-க்குப் போன் போடுவதும் அவர்தான்.

அவருக்கு நாம் என்ன செய்கிறோம்? ஆண்டு விழாவில் ஒரு பொன்னாடை, ஒரு எவர்சில்வர் தட்டு. தப்பில்லை, மரியாதைதான். ஆனால் அவர் கைக்காசு எவ்வளவு போகுது என்று யாராவது கேட்டோமா? டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. ஜெராக்ஸ், ஷேர் ஆட்டோ, மத்தியானச் சாப்பாடு? அன்றைக்குப் போன கூலி? வீட்டில் “ஊர் வேலைக்கு யார் சம்பளம் தர்றாங்க?” என்று ஏச்சு வேற.

இதைவிட மோசமானது ஒன்று. “கமிஷன் இல்லாமலா இப்படி அலையிறா?” என்று முதுகுக்குப் பின்னால் பேசுவது. உழைக்கிற பெண்ணை ஒடிக்க இந்த ஒரு வார்த்தை போதும். இதற்கு மருந்து தீர்மான நோட்டிலேயே இருக்கு. யாருக்காக, எந்த அலுவலகம் போனார், செலவு எவ்வளவு என்று எழுதி, அந்தச் செலவைப் பொது நிதியிலிருந்து கொடுத்து எல்லோரும் கையெழுத்துப் போடுங்க. அவருக்குக் கைக்காசு மிஞ்சும், ஊர் வாயும் மூடும். சேவை என்றால் இலவசமாகத்தான் செய்யணும் என்பது எங்களுக்குச் சம்மதம் இல்லாத பேச்சு. இல்லம் தேடிக் கல்வியை 2021-ல் அரசு தொடங்கியபோது தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அதை வாங்கியதால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது சேவை இல்லை என்று ஆகிவிடுமா?

சரி, அலைகிறவருக்கு என்ன லாபம்? காசைத் தவிர நிறைய இருக்கு. வங்கி வாசலில் ஒதுங்கி நின்ற பெண் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். எந்த மனுவுக்கு எந்த நகல் வேணும், யார் கையெழுத்து வேணும் என்பது மனப்பாடம். கிராம சபையில் மைக்கைப் பிடிக்கக் கை நடுங்குவதில்லை. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு 50 சதவீத இடம் வந்தபோது, இப்படி அலைந்து பழகினவர்களுக்குத்தான் நிற்கத் துணிச்சல் இருந்தது. தெருவில் போகும்போது “சாப்பிட்டியா தாயி?” என்று ஒரு ஆயா கேட்பதும் இருக்கே, அதை எந்த லெட்ஜரில் எழுதுவது?

இந்த லாபம் ஒருத்தருக்கு மட்டும் ஏன்? அடுத்த முறை அக்கா தாலுகா ஆபீஸ் கிளம்பும்போது இளம் உறுப்பினர் ஒருத்தர் கூடப் போகட்டும். மூணு தடவை கூடப் போனால் நாலாவது தடவை தனியாகப் போகத் தெரிஞ்சிடும். அக்காவுக்கும் ஒரு நாள் ஓய்வு.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்க: போன ஆறு மாதத்தில் நம் குழுவுக்காக யார் யார் எத்தனை நாள் அலைந்தார்கள்? செலவை யார் கொடுத்தார்கள்? அடுத்து கூடப் போகப் போவது யார்? பெயரோடு தீர்மானம் எழுதி, நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்க.