வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை, லயத்தில் ஒரு பிள்ளை



நம் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பெண்கள் எத்தனையோ பேர். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் அப்படியொரு தாயிடம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டார் யாழ்ப்பாணத்தவர்கள், "கதைக்கிறது" என்பார்கள். ஆனால் அவர்களுடைய இரண்டு வயதுப் பிள்ளை "பேசு, பேசு" என்கிறதாம்! பகல் முழுக்க அதோடு பேசுவது நம்ம தோட்டத்து அம்மாதானே. சிரித்துக்கொண்டே சொன்னவர், கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம் புள்ளைக்கும் அதே வயசுதாங்க. லயத்துல பாட்டியோட இருக்கு. நாலு வார்த்தை கூட சரியா வரல. நாள் முழுக்க டிவிதான் பாக்குதாம்."

டிவியும் பேசத்தானே செய்கிறது, அதைக் கேட்டுப் பழகாதா என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் பெட்ரீஷியா கூல் என்ற அம்மையாரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்து 2003இல் எழுதினார்கள். ஒன்பது மாதக் குழந்தைகள்; வீட்டில் ஆங்கிலம்தான். சிலரோடு சீன மொழி பேசுவோர் நேரில் உட்கார்ந்து, விளையாட்டுச் சாமான் காட்டி, புத்தகம் வாசித்து 12 தடவை பேசினார்கள். வேறு சிலருக்கு அதையே திரையில் காட்டினார்கள். நேரில் கேட்ட பிள்ளைகளுக்குச் சீன ஒலிகளின் வித்தியாசம் பிடிபட்டது. திரையில் பார்த்தவர்களுக்கு ஒன்றுமே ஏறவில்லை. பிள்ளை "ம்மா" என்றால் டிவி திரும்பிப் பார்க்காதே!

பாட்டியை நாங்கள் குறை சொல்லவில்லை. விறகு, தண்ணி, சமையல் எல்லாம் அவர் தலையில்தான். ஆனால் அரிசி கழுவும்போதே, "இந்தா அரிசி, கையை விடு, தண்ணி சில்லுன்னு இருக்கா?" என்று பேசலாம். பிள்ளை "சில்" என்றால், "ஆமா, சில்லுன்னு இருக்கு" என்று திருப்பிச் சொல்லலாம். பிள்ளைக் காம்பராவிலும் இதேதான்.

பொதுவாக, ஒரு வயதளவில் முதல் சொல் வரும். இரண்டு வயதளவில் "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேரும். கொஞ்சம் முந்தும், பிந்தும். ஆனால் ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் இல்லையென்றாலோ, சத்தத்துக்குத் திரும்பாவிட்டாலோ, "தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று இருந்துவிடாதீர்கள். கிளினிக்கில் மருத்துவ மாதுவிடம் காட்டுங்கள். காது கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்தத் தாயிடமும் முதலில் இதைத்தான் சொன்னோம்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் "அம்மா, வத்துர தாங்க" என்று தமிழும் சிங்களமும் கலந்து கேட்கும் சின்னப் பிள்ளைகள் உண்டு. இரண்டு மொழி கேட்டால் பேச்சு கெட்டுப்போகும் என்று பயப்படவேண்டாம். எந்த மொழி உங்களுக்குச் சரளமோ அதில் நிறையப் பேசுங்கள்.

தூரத்தில் இருக்கும் தாய் என்ன செய்வது? 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் வீடியோ கோலில் தங்களுக்குப் பதில் சொல்லிப் பேசியவரிடம் புதுச் சொல் படித்தார்கள். பதிவு செய்த படத்தில் படிக்கவில்லை. இப்போது அந்தத் தாய் இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் லயத்துக்குப் போன் எடுக்கிறார். அந்த நேரம் டிவியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "கையில என்னடா? யாரு குடுத்தா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை வாய் திறக்கும்வரை பொறுத்திருக்கிறார்.