அச்சுக்கல்லில் ஏறிய ஓவியம்



நம்ம ஊர்ப் பழைய வீடுகளில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தாமரைமேல் நிற்கும் லட்சுமியையும் வீணை மீட்டும் சரஸ்வதியையும் பார்த்திருப்பீர்கள். தெய்வங்களை இப்படி மனித முகத்தோடு அச்சில் பரப்பியவர் ராஜா ரவிவர்மா. வேற்றூர்க்காரர் அல்ல. முன்பு நம் மாவட்டமும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில், கிளிமானூரில் 1848 ஏப்ரல் 29-ல் பிறந்தவர். ஓவியக் கல்லூரி எதிலும் அவர் படித்ததில்லை. டிப்ளமோ படிக்கும் நமக்கு அவரிடம் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று அவர் ஜெயித்த பாடம். மற்றொன்று தோற்ற பாடம்.

பார்த்தே படித்த படிப்பு

முதலில் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் தாய்மாமன் ராஜராஜவர்மா. 1862-ல், 14 வயதில், திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். மன்னர் ஆயில்யம் திருநாள் ஆதரித்தார். ஆனால் அன்று எண்ணெய் வண்ணம் புதுசு. தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். 1868-ல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்பிக்கவில்லை. தான் வரையும்போது பார்த்துக்கொள்ள மட்டும் விட்டார். சரி, பார்ப்பது போதும் என்று ரவிவர்மா பார்த்தார். பிறகு தானே கலந்து, தானே கெடுத்து, தானே திருத்திப் பழகினார்.

பலன்? 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப்பதக்கம். அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவருடைய 10 ஓவியங்கள் போயின.

கல்லும் எண்ணெயும் தண்ணீரும்

ஒரு ஓவியம் ஒரு அரண்மனைச் சுவரில்தான் தொங்கும். ஊருக்கெல்லாம் போக வேண்டுமென்றால் அச்சுதான் வழி. 1894-ல் பம்பாய் கிர்காமில் ஜெர்மன் இயந்திரங்களோடு அச்சகம் தொடங்கினார். முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்புப் படம்.

அந்தத் தொழில்நுட்பத்தின் பெயர் லித்தோகிராபி, கல்லச்சு. 1796 வாக்கில் ஜெர்மனியில் செனிபெல்டர் கண்டுபிடித்தது. தத்துவம் ரொம்ப எளிது: எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மையால் வரைய வேண்டும், அதுவும் இடவலம் மாற்றி. பிறகு கோந்தும் லேசான அமிலமும் தடவிப் பதப்படுத்துவார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடம் தண்ணீரைப் பிடிக்கும். வரைந்த இடம் மையைப் பிடிக்கும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும்.

வண்ணப்படம் என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். பத்துப் பன்னிரண்டு கற்களில் ஒரே காகிதம் ஏறி இறங்க வேண்டும். ஒன்று மயிரிழை விலகினால் போச்சு, சரஸ்வதிக்கு இரண்டு மூக்கு! இன்றைய ஆப்செட்டில் கல்லுக்குப் பதில் உலோகத் தகடு, தத்துவம் அதேதான்.

கோவில் வாசலுக்கு வெளியே

இந்த அச்சின் பயன் வெறும் அழகு மட்டுமா? நம் மண்ணின் கதையை நினைத்துப் பாருங்கள். சுசீந்திரம் கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே 1926-ல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, கோவிலுக்குள் போக முடியாதவனும் காசு கொடுத்து வாங்கித் தன் குடிசையில் மாட்டக்கூடிய சாமிப் படம் வந்துவிட்டது. அந்தக் காகிதம் வாங்கும் ஆளின் சாதியைக் கேட்கவில்லை. இயந்திரம் செய்யக்கூடிய நன்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

கைமாறிய அச்சகம்

இனி இரண்டாவது பாடம். அச்சகத்தைப் பெரிதும் கவனித்தவர் தம்பி சி. ராஜராஜவர்மா. பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அச்சகம் லோனாவாலா பக்கம் மலவ்லிக்கு மாறியது. கடன் ஏறியது. கடைசியில் அங்கேயே வேலை பார்த்த பிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மன் தொழில்நுட்பக்காரருக்கே அச்சகத்தை விற்றுவிட்டார்கள். படங்களை அச்சிடும் உரிமையும் சேர்ந்தே போனது. ரவிவர்மா 1906 அக்டோபர் 2-ல் காலமானார். ஷ்லைக்கரோ தொழிலை விரிவாக்கி லேபிள், விளம்பரம் என்று அடித்துத் தள்ளினார்.

யோசியுங்கள்! தூரிகையைக் கண்கொட்டாமல் பார்த்துப் படித்தவருக்கு, இயந்திரத்தையும் கணக்குப் புத்தகத்தையும் அதே கண்ணால் பார்க்க நேரமில்லை. கல்லைத் தெரிந்தவனிடம் கல் போய்ச் சேர்ந்தது.

நமக்கு என்ன?

"பாத்தியா, காலேஜே வேண்டாம்" என்று சிலர் துள்ளலாம். பொறுங்கள் மக்களே! ரவிவர்மாவுக்குப் பின்னால் ஓர் அரண்மனை இருந்தது. நமக்கு இருப்பது ஒர்க்‌ஷாப்பும் லேபும்தான். அங்கே இன்ஸ்ட்ரக்டர் சொல்லாததையும் கண்ணால் திருடிக்கொள்ள வேண்டும். லேத்தை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. அதன் விலை, ரிப்பேர்ச் செலவு, ஒரு ஜாபுக்கு ஆகும் நேரம், கூலி, இவற்றையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். நாளைக்குச் சொந்தப் பட்டறை வைத்தால், அது நம் கையிலேயே நிற்க அந்த நோட்டுதான் துணை.