எல்லாத்தையும் 'வாயு'ன்னு விட்டுடலாமா?



சேமிப்பு, கடன், தவணை எல்லாவற்றையும் குழுக் கூட்டத்தில் வாய்விட்டுப் பேசுகிறோம். ஆனால் ஒரு விஷயத்தைப் பேச்செடுத்தால் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிடுகிறோம். அதுதான் வாயுத் தொல்லை.

நம் வீட்டில் 60 வயது தாண்டிய அம்மா, மாமியார், மாமனார், நம் குழுவிலேயே இருக்கும் மூத்த உறுப்பினர்கள் என்று பலருக்கும் இது இருக்கிறது. நாலு பேர் நடுவில் காற்று பிரிந்துவிடுமோ என்று வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கு வராதவர்கள் உண்டு. பஸ்ஸில் போக வேண்டுமென்றால் காலையிலிருந்து வயிற்றைக் காயப் போடுகிறவர்கள் உண்டு. "பருப்பே வேண்டாம்மா" என்று ஒதுக்கி, தெம்பு குறைந்து போனவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம், நெஞ்சு வலித்தாலும் வாயு, முதுகு பிடித்தாலும் வாயு என்று எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடுகிறோம். இதில்தான் ஆபத்து இருக்கிறது. எது சாதாரண வாயு, அதை வீட்டிலேயே எப்படிக் குறைப்பது, எது வாயுவே இல்லை என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

வாயு எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் பேசும்போதும் நாம் விழுங்கும் காற்று. இதில் பெரும்பகுதி ஏப்பமாக வெளியே போய்விடும்.

இரண்டாவது, பெருங்குடலில் உண்டாகும் காற்று. நாம் சாப்பிடுவது எல்லாமே முழுசாகச் செரிப்பதில்லை. மிச்சம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. இட்லி மாவு ராத்திரியில் புளித்துப் பொங்குகிறது அல்லவா? அதே மாதிரி அவை இந்த மிச்சத்தைப் புளிக்க வைக்கும்போது காற்று உண்டாகிறது.

நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கும் ஒரு நாளைக்கு 10 முதல் 20 தடவை வரை காற்று பிரியும். இது நோய் இல்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

வயதானால் ஏன் அதிகமாகிறது?

1. பல் போய்விடுகிறது, அல்லது பல்செட் சரியாகப் பொருந்துவதில்லை. மெல்லாமல் விழுங்கும்போது கூடவே காற்றும் போகிறது.

2. நடமாட்டம் குறைகிறது, தண்ணீர் குடிப்பது குறைகிறது. கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டுமே என்று தண்ணீரையே குறைப்பவர்கள் அதிகம். இதனால் மலச்சிக்கல் வருகிறது. மலம் குடலில் தங்கத் தங்க உப்புசமும் கூடுகிறது.

3. பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி பலருக்கு வயது ஏற ஏறக் குறைகிறது. காலையில் பால் காபி குடித்த சிறிது நேரத்தில் வயிறு கடமுடா என்றால் இதுவாக இருக்கலாம்.

4. சாப்பிடும் மாத்திரைகள். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் சிலருக்கு வாயுவை உண்டாக்கும். இரும்புச் சத்து மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும். இதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தவே கூடாது. "இந்த மாத்திரை போட்டதிலிருந்து வயிறு உப்புது" என்று டாக்டரிடம் சொன்னால், வேளையையோ அளவையோ மாத்திரையையோ மாற்றிக் கொடுப்பார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பருப்பை நிறுத்த வேண்டாம், சமைக்கும் விதத்தை மாற்றுவோம். மொச்சை, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு போன்றவற்றில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி மனித உடம்பில் கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. ராத்திரியே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்தால் இந்தச் சர்க்கரை ஓரளவு குறைந்துவிடும். முளைகட்டி வேகவைத்தாலும் குறையும். பெரியவர்களுக்குப் பாசிப்பருப்பு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கொஞ்சமாக ஆரம்பித்துக் கூட்டலாம். பருப்பு, பயறு, முட்டை எல்லாம் அடியோடு நின்றுபோனால் சதை கரைந்து, கால் தடுமாறி விழும் நிலை வரும். வாயுவை விட அது பெரிய கஷ்டம்.

பாலைச் சோதித்துப் பார்ப்போம். ஒரு வாரம், பத்து நாள் பாலை நிறுத்திப் பாருங்கள். உப்புசம் குறைந்தால் காரணம் தெரிந்துவிடும். தயிரும் மோரும் பாலை விட எளிதாகச் செரிக்கும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. முருங்கைக்கீரையும் நல்லது. கேழ்வரகோ கீரையோ பழக்கமில்லாதவர்களுக்கு ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினாலும் வாயு வரும்.

கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகச் சாப்பிடுவோம். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை நான்கைந்து வேளையாகப் பிரிக்கலாம். சாப்பிட்டதும் படுக்காமல் 10 நிமிடம் வாசலில் நடக்கட்டும். பல்செட் ஆடினால் சரிசெய்து கொடுங்கள். எந்நேரமும் வெற்றிலை, புகையிலை மென்றுகொண்டே இருந்தாலும் காற்று உள்ளே போகும். புகையிலை வாய்ப்புற்றையும் கொண்டுவரும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர் பலருக்கு இதமாக இருக்கிறது. அளவோடு குடிக்கலாம். ஆனால் பூண்டும் வெங்காயமும் சிலருக்கு வாயுவைக் கூட்டிவிடும். ஒருத்தருக்குக் கேட்டது இன்னொருத்தருக்குக் கேட்காது.

சோடா குடித்தால் ஏப்பம் வருகிறதே என்பார்கள். சோடாவில் இருக்கும் காற்றுதான் அப்படி ஏப்பமாக வருகிறது, தொல்லை தீரவில்லை. ஆப்பசோடா, தண்ணீரில் போட்டால் பொங்கும் உப்புத்தூள் இவற்றில் சோடியம் அதிகம். ரத்தக்கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. "கேஸ் மாத்திரை குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்டு மாதக்கணக்கில் சாப்பிடும் பழக்கமும் வேண்டாம். அதில் பெரும்பாலானவை அமிலத்தைக் குறைப்பவை. குடலில் உண்டாகும் காற்றுக்கு அவை மருந்தல்ல.

இதெல்லாம் வாயு இல்லை, உடனே கிளம்புங்கள்

"அத்தை, ஏன் முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, நெஞ்சுல வாயு அடைச்சிருக்கு. கொஞ்சம் இஞ்சிச் சாறு குடு, சரியாப் போயிடும்."

இந்தப் பேச்சு எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தம், இடது கை, தாடை, கழுத்து, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சு வாங்குதல் - இவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கடும் நெஞ்சுவலி இல்லாமலேகூட மாரடைப்பு வரலாம். மேல்வயிற்றில் ஒரு சங்கடம், குமட்டல், திடீர்க் களைப்பு என்று மட்டும் காட்டும். இஞ்சிச் சாறு கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. நடக்க விடாமல் உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு உடனடி மாத்திரைகளைக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஏற்பாடு செய்யப்பட்டது. போய் ஈ.சி.ஜி. எடுத்து, அது வாயுதான் என்று தெரிந்தால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். அந்தச் செலவு வீண் செலவில்லை.

வயிறு கல் மாதிரி உப்பி, மலமும் காற்றும் போகாமல், வாந்தியும் எடுத்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்:

- மலத்தில் ரத்தம், அல்லது இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடாமலே தார் போலக் கறுப்பாகப் போவது (தலைசுற்றலும் சேர்ந்தால் அன்றைக்கே)
- காரணமில்லாமல் எடை குறைவது, சாப்பாடு தொண்டையில் சிக்குவது
- பல காலமாக இருந்த மலப் பழக்கம் திடீரென்று மாறுவது
- மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வாரக்கணக்கில் வயிறு உப்பியே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துபோவது. இது சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

நாம் செய்ய வேண்டியது

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுய உதவிக் குழுப் பெண்கள் பலர் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்த்தார்கள். அந்த அளவுக்குக்கூட நாம் போக வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெரியவரிடம், "வயிறு எப்படி இருக்கு? எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டாலே போதும். கேட்கும்போது சிரிக்காமல் கேட்க வேண்டும். சிரித்தால் அவர்கள் அடுத்த முறை நெஞ்சுவலியையும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு:

1. வாயு என்று பயந்து நம் வீட்டுப் பெரியவர்கள் எந்தெந்தச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார்கள்? அதில் எதைத் திரும்பக் கொடுக்கலாம்?
2. ஒரு வாரம் என்ன சாப்பிட்டார்கள், எப்போது உப்புசம் வந்தது என்று பேரப்பிள்ளையை விட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதிலிருந்து என்ன தெரிந்தது?
3. ராத்திரி 12 மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், நம் ஊரிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் போவது? 108-க்குச் சொல்ல வேண்டிய அடையாளம் என்ன?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் கூட்டம் முடிவதற்குள் பதில் எழுதி, தீர்மான நோட்டில் ஒட்டி வைத்துவிடுங்கள்.