அதிபத்தர் விட்ட மீன்

கோட்டையூரில் கடல் இல்லை. செம்மண்ணும் ஊருணியும் உயர்ந்த மாளிகைகளும் நிறைந்த ஊர் அது. ஆயினும் ஆடி அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாட்களில் இவ்வட்டாரத்து அன்பர்கள் காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக் கடற்கரையை நாடுவர். தொண்டிக்கு வடக்கே உள்ள தீர்த்தாண்டதானத்தில் நீராடி, முன்னோர்க்குக் கடன் ஆற்றி, ஈசனை வணங்கித் திரும்புவர். அங்குக் கடலில் இறங்குவோர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டுவதில்லை. அலையும் குளத்து அலை போலவே மெல்ல வந்து காலைத் தொடும்.

இதுவே பாக் நீரிணைப் பகுதியின் ஆழமற்ற கடலாகும். இதன் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. இராமேசுவரத்தார் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், இதனைப் பெண்கடல் என்றும் வழங்குவர். சீற்றம் குறைந்தது, குஞ்சுகளைப் பேணி வளர்ப்பது என்னும் பொருள்கள் அப்பெயரில் அடங்கியுள்ளன. கதிரவன் ஒளி அடித்தரை வரை செல்வதால் இங்குக் கடற்புல் செழித்து வளர்கிறது. அப்புல்வெளியே மீன்குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டிலாக விளங்குகிறது.

சிறு படகின் தொழில்

இக்கடலில் காலங்காலமாகத் தொழில் செய்பவை வள்ளமும் வத்தையும் ஆகிய சிறு படகுகளே. தட்டையான அடிப்பாகம் கொண்ட வத்தை, ஆழமில்லாத நீரிலும் தரைதட்டாமல் மிதக்கும். கரையோரத்தில் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவர். காற்று வாய்த்தால் பாய் விரிப்பர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நாற்றிசைக் காற்றுக்கும் பெயரிட்டு, எக்காற்றில் எம்மீன் கரை சேரும் என்று அறிந்து வைத்துள்ளனர். இன்று மரப்படகுகளின் இடத்தைப் பெரிதும் கண்ணாடி இழைப் படகுகள் பெற்றுள்ளன. எனினும், காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வலை இடும் அறிவு மாறவில்லை.

வலையின் அமைப்பிலும் ஓர் அறம் உண்டு. மேல் விளிம்பில் மிதவையும் கீழ் விளிம்பில் ஈயக் குண்டும் கட்டிய வலை, நீரில் திரை போல நிற்கும். எதிர்ப்படும் மீனின் செவுள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். கண்ணின் அளவினும் சிறிய மீன் நுழைந்து தப்பிவிடும். அதாவது, எதைப் பிடிப்பது என்பதோடு எதை விடுவது என்பதையும் வலை பின்னும்போதே மீனவன் முடிவு செய்துவிடுகிறான். ஓரா, காரல், கிழங்கான், மடவை என ஒவ்வொன்றின் பருமனுக்கும் ஏற்ப வலைக்கண் அமையும்.

இவ்வாறு விடுதலையே அறமாகக் கொண்டு வாழ்ந்த ஒரு மீனவரைச் சைவ உலகம் அறுபத்து மூவருள் ஒருவராக வைத்து வணங்குகின்றது. அவரே அதிபத்த நாயனார்.

நுளைப்பாடியின் தலைவர்

சோழ நாட்டின் துறைமுக நகரான நாகப்பட்டினத்தில், கடற்கரையை ஒட்டிய நுளைப்பாடியில் பரதவர் குலத் தலைவராய் வாழ்ந்தவர் அதிபத்தர். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளிச் செய்துள்ளார். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கு உரியதென்று கடலிலேயே விட்டுவிடுவது அவரது நியமம். மீன் மிகுந்த நாளிலும் குறைந்த நாளிலும் அந்நியமம் தவறியதில்லை.

பின்னர்ச் சோதனைக் காலம் வந்தது. பல நாட்கள் வலையில் ஒரே ஒரு மீன் மட்டுமே அகப்பட்டது. அந்த ஒரு மீனையும் அவர் இறைவனுக்கே விட்டார். செல்வம் கரைந்தது, சுற்றத்தார் பசியால் வாடினர், அவர் உடலும் தளர்ந்தது. உள்ளம் மட்டும் தளரவில்லை. ஒருநாள் அந்த ஒரு மீனும் வரவில்லை. அதற்கு மாறாகப் பொன்னாலும் நவமணிகளாலும் ஆகிய விலைமதிப்பற்ற மீன் ஒன்று வலையில் ஏறியது. உடனிருந்தோர் வியந்து கூவினர். வறுமை அனைத்தையும் ஒரே நாளில் தீர்க்க வல்லது அது. அதிபத்தரோ அதுவும் அன்றைய ஒரு மீனே என்று கருதி, இறைவனை நினைந்து கடலில் விட்டார். அப்போது சிவபெருமான் விடைமேல் தோன்றி அவரை ஆட்கொண்டார்.

நாகப்பட்டினம் காயாரோகணசுவாமி திருக்கோயிலில் ஆவணி மாதத்து ஆயில்ய நாளில் இந்நிகழ்ச்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது. மீனவ மக்கள் முன்னின்று, கடலில் மீன் விடும் காட்சியை நடத்துவர்.

பொன்மீனைவிடப் பெரிய சோதனை

இவ்வரலாற்றைக் கேட்போர் பொன்மீனை விட்டதையே பெருஞ்செயலாக எண்ணுவர். ஆழ்ந்து நோக்கினால் அதற்கு முந்தைய நாட்களே அரியவை என்பது விளங்கும். பொன்மீன் ஒருநாள் வந்தது. பசியோ நாள்தோறும் வந்தது. நிறைந்த வலையிலிருந்து ஒரு மீனை விடுவது எளிது. ஒரே மீன் கிடைத்த நாளில் அதனை விடுவதே நோன்பு. பசித்த சுற்றத்தாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் அதனைச் செய்தார். அந்தப் பழக்கம் உறுதிப்பட்டிருந்ததனால்தான் பொன்மீன் வந்தபோதும் அவர் கை நடுங்கவில்லை.

கடலுக்கு ஓய்வளிக்கும் மரபு இதனினும் பழைமையானது. நகரத்தார் தங்கள் முன்னோர் வாழ்ந்த ஊராகப் போற்றும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் சங்க நூல் பட்டினப்பாலை. அங்குள்ள பரதவர் முழுநிலா நாளில் மீன்பிடிக்கச் செல்லாமல், சுறாமீனின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டதை அந்நூல் கூறுகின்றது.

இன்றைய கடலும் அதே கேள்வியும்

இன்று அந்த மரபின் இடத்தைச் சட்டமும் தாங்கி நிற்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையை ஒட்டிய கடற்பரப்பில் விசைப்படகுகள் மீன்பிடித்தல் ஆகாது. அது சிறு படகுகளுக்கு உரியது. மீன்கள் இனம் பெருகும் பொருட்டு 2001ஆம் ஆண்டில் 45 நாட்களாகத் தொடங்கிய தடைக்காலம், பின்னர் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்நாட்களில் அப்படகுகளை நம்பிய குடும்பங்களுக்கு வருமானம் சுருங்குகிறது. அடித்தரையை வாரிச் செல்லும் இழுவலையால் கடற்புல் அழிந்தால், அங்கு வளரும் குஞ்சுகளும் அழியும். அதன் இழப்புச் சிறு படகுக்காரரின் அடுப்படியில்தான் முதலில் தெரியும்.

இக்கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு மிக அருகிவிட்ட உயிரினம். அதனைக் காக்கும் பொருட்டுத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆவுளியா மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் விரைவில் மூச்சடைத்து இறந்துவிடும். எனவே அதனைக் காப்பாற்ற எண்ணும் மீனவர் காலம் தாழ்த்தாமல் வலையை அறுக்க நேரும். வலை அவருடைய முதல். அதனை அறுத்து ஆவுளியாவை விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்துள்ளது. பரிசு பின்னால் வருவது; கத்தியை எடுக்கும் அந்நேரத்தில் அவர் கண்முன் நிற்பது இழப்பு மட்டுமே. அதிபத்தர் நின்ற இடமும் அதுவே.

அன்பர்கள் கொள்ள வேண்டிய பொருள்

கடலில் வலை வீசாதவர்க்கும் நாள்தோறும் ஒரு வலை உண்டு. கடை வருமானம், மாத ஊதியம், வயலின் விளைச்சல், ஓய்வுநேரம் எனப் பலவும் அதில் வந்து சேர்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தனக்கன்று எனக் குறித்து விடுவதே அதிபத்தர் காட்டிய வழி. பெரிதாகக் கிடைக்கும் நாளில் பெரிதாகக் கொடுக்கலாம் என்று காத்திருப்பவரின் கை, பொன்மீன் வரும் நாளில் திறவாது. சிறிதாகக் கிடைக்கும் இன்றே சிறிது விடுபவரின் கை அன்றும் திறந்திருக்கும்.

அடுத்த அமாவாசையில் தீர்த்தாண்டதானக் கடலில் இறங்கும் அன்பர், முன்னோரை நினைந்து நீரை அள்ளி விடும்போது, அதே நீரில் மீனை விட்ட அடியாரையும் ஒருகணம் நினைவாராக. வாங்கியதில் ஒரு பங்கைத் திரும்ப விடுபவர் உள்ள வரையில், கடல் வற்றாது கொடுக்கும்.

திருச்சிற்றம்பலம்.